சந்தேகப்படத் தெரிந்த விமானம்

வாங்க கண்ணுங்களா, இப்படிக் கிட்ட வந்து உட்காருங்க. கதவோரம் இருக்கிறவங்க மேலே சாரலடிக்கும், உள்ளே தள்ளி வாங்க. இன்றைக்கு ராஜா கதை வேண்டாம். நம்ம விருத்தாசலம் செராமிக் பேட்டையில், பொம்மை காயவைக்கிற கொட்டகையிலிருந்து கிளம்பிப் போன ஒரு விமானத்தின் கதை சொல்கிறேன். சிரிக்காதீங்க, நிஜமாகவே விமானம்தான். அந்தப் பட்டறையில் பொம்மைகளுக்கு வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்கினவள் நான். பாதி என் கண்ணால் பார்த்தது. மீதி, பார்த்தவர்களை விடாமல் நச்சரித்துக் கேட்டுக்கொண்டது.

இரண்டாயிரத்து எட்டாம் வருஷம், புரட்டாசி மாதம். விருத்தகிரி முதலாளியின் பட்டறை வாசலில் ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. இறங்கியது அவருடைய அக்கா மகள் கயல்விழி. மெட்ராசில் விமானப் படிப்பு படித்தவள், இருபத்தெட்டு வயசு. கூடவே திட்டக்குடிக்காரன் கோகுலகிருஷ்ணன். அவளோடு படித்து, அவளோடு சேர்ந்து சின்னதாக ஒரு கம்பெனி நடத்துகிறவன். இரண்டு பேரும் பின்சீட்டிலிருந்து, தூங்குகிற குழந்தையைத் தூக்குகிற மாதிரி, துணி சுற்றிய எதையோ தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

துணியைப் பிரித்தால் விமானம்! ஓர் ஆள் இரண்டு கையையும் விரித்தால் எவ்வளவு அகலமோ அவ்வளவு இறக்கை. வெள்ளை வெளேர் என்று, மெருகேற்றிய பீங்கான் மாதிரியே இருந்தது. ஆள் ஏற இடமில்லை. வயிற்றுக்குள் ஒரு கேமரா, ஒரு பேட்டரி, தீப்பெட்டி பண்டில் அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி, அவ்வளவுதான்.

"எதுக்கும்மா இது?" என்று கேட்டார் முதலாளி.

"வெள்ளாத்துல வெள்ளம் வந்தா கரை எங்க அரிக்குதுன்னு யாருக்கு மாமா தெரியுது? ஒடைஞ்ச பொறகுதான ஓடுறாங்க. இது மேல போயி படம் புடிச்சுக்கிட்டு வந்துடும். கரையைப் பாத்துக்கிற ஆபீஸ்காரங்க விஜயதசமி அன்னிக்கு வந்து பாக்கறம்னு சொல்லியிருக்காங்க. புடிச்சிருந்தா ரெண்டு வாங்குவாங்க."

"புடிக்கலைன்னா?"

"மூணு வருஷ உழைப்புல எங்ககிட்ட இருக்கிறது இது ஒண்ணுதான் மாமா. இது வுழுந்துச்சுன்னா கம்பெனியை மூடிட்டு நான் வேற வேலை தேடிப் போவணும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் சொல்லும்போது ஒரு கை இறக்கையைத் தடவிக்கொண்டே இருந்தது.

எங்கள் பட்டறையில் சௌந்தர்யா என்று ஒருத்தி. பொம்மைக்குக் கண் எழுதுகிறவள். மூன்றே மூன்று மயிர் உள்ள பிரஷ்ஷால், மூச்சை அடக்கிக்கொண்டு, ஒரே இழுப்பில் எழுதுவாள். கண் எழுதின பொம்மையைத் தரையில் வைக்க யாரையும் விடமாட்டாள். "பாக்குதில்ல, கால்மாட்டுல வைக்கிறியே" என்று சண்டைக்கு வருவாள். அவள்தான் முதலில் விமானத்துப் பக்கம் வந்தாள்.

"ஏன் பாப்பா, உள்ள ஆளே இல்லையே. காத்தடிச்சா கவுந்துடாதா?"

"நீங்களே தூக்கிப் பாருங்கக்கா" என்று கயல் ஒரு சுவிட்சைப் போட்டு விமானத்தை அவள் கையில் கொடுத்தாள். "இடது பக்கம் சாயுங்க."

சௌந்தர்யா பயந்து பயந்து சாய்த்தாள். உடனே 'ஜிக்' என்று ஒரு சத்தம். இடது இறக்கை ஓரத்தில் இருந்த பட்டை கீழே இறங்கியது, வலது பட்டை மேலே ஏறியது. யாரும் தொடவில்லை. நிமிர்த்தினாள், பட்டைகளும் சமமாகிவிட்டன. மூக்கைக் கீழே காட்டினாள், வாலில் இருந்த பட்டை மேலே எழும்பியது. உடம்போடு ஒரு சுற்றுத் திரும்பினாள், நிமிர்ந்திருந்த வால் அந்தத் திருப்பத்துக்கு எதிராகத் திரும்பிக் கொடுத்தது.

"ஐயய்ய, எதுத்துப் பேசுதே!" என்றாள் சௌந்தர்யா. கொட்டகையே சிரித்தது.

"வுழாம இருக்கிறதுக்குத்தான் பேசுதுக்கா" என்றாள் கயல். "இதுக்கு வால் குட்டை. மெதுவா பறக்கணும்னு அப்படிச் செஞ்சது. அதனால காத்துல நிலை கொள்ளாது. கையால ஓட்டினா கோகுலே தடுமாறுவான். அந்தக் கறுப்புப் பெட்டிதான் புடிச்சு நிறுத்துது. சாஞ்ச பொறகு நிமித்துறது இல்ல, சாய ஆரம்பிக்கிறதையே கண்டுபுடிச்சுடும். ஒரு செகண்டுக்கு அம்பது தரம் பாக்கும், அம்பது தரம் திருத்தும்."

எனக்குச் சட்டென்று எங்கள் அர்ச்சுனன் ஞாபகம் வந்தது. அச்சிலிருந்து எடுத்த ஈரப் பொம்மை பதினெட்டை ஒரு பலகையில் அடுக்கி, பலகையை ஒற்றைத் தோளில் வைத்துக்கொண்டு கொட்டகைக்கு நடப்பான். பலகையை அண்ணாந்து பார்க்கவே மாட்டான். அது சாயலாமா என்று நினைக்கும்போதே அவன் தோள் இறங்கிக் கொடுத்துவிடும். நான் நினைத்தது அவனுக்கும் தோன்றியிருக்க வேண்டும்.

"செகண்டுக்கு அம்பது தரமா?" என்றான். "நான் ஒரு நாளைக்கு அம்பது பலகை தூக்கறன், மொதலாளி ஒரு டீக்கே கணக்குப் பாக்கறாரு. இதுக்கு எத்தினி டீ குடுப்பாங்க?"

சௌந்தர்யா மட்டும் சிரிக்கவில்லை. இன்னும் அதைக் கையில் ஏந்தியபடி, லேசாகச் சாய்ப்பதும் அது பதில் சொல்வதைப் பார்ப்பதுமாக இருந்தாள். "உயிரு இருக்குது இதுக்கு" என்றாள் மெதுவாக.

அன்று சாயங்காலம் டீ குடிக்கும்போது கயலுக்கும் கோகுலுக்கும் ஒரு வாக்குவாதம். நான் பக்கத்தில் வைக்கோல் பிரித்துக்கொண்டிருந்தேன். இந்தக் கதைக்கு அது முக்கியம், அதனால் கொஞ்சம் காது கொடுங்க.

அந்தப் பெட்டிக்கு மூன்று சாட்சிகள். இடது இறக்கைக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிற மெல்லிய குழாய் ஒன்று. எதிர்க்காற்று அதற்குள் எவ்வளவு அழுத்துகிறதோ அதை வைத்து வேகம் சொல்லும். பெட்டிக்குள்ளேயே இருக்கிற நுட்பமான சில்லுகள் எந்தப் பக்கம் சாய்கிறோம், எவ்வளவு விசையோடு போகிறோம் என்று சொல்லும். வானத்துச் செயற்கைக்கோள் எங்கே இருக்கிறோம், தரைக்கு மேலே எவ்வளவு வேகமாக நகர்கிறோம் என்று சொல்லும். மூன்றையும் கேட்டுத்தான் பெட்டி முடிவெடுக்கும். கயல் அதில் புதிதாக ஒரு புத்தியை எழுதி வைத்திருந்தாள். ஒரு சாட்சி சொல்வது மற்ற இரண்டோடும் ஒத்துப்போகாவிட்டால், அதை நம்பாமல் ஒதுக்கிவை. அவர்கள் அதற்கு வைத்திருந்த பெயர் 'சந்தேகம்'.

"அந்தச் சந்தேகத்தை அணைச்சு வையி கயலு" என்றான் கோகுல். "தரையில சோதிக்கும்போதே ரெண்டு தரம் காரணமில்லாம சந்தேகப்பட்டுச்சு. புதுப் பொண்டாட்டிக்காரன் மாதிரி. பெரிய மனுஷங்க முன்னாடி அப்படிப் பண்ணுச்சுன்னா?"

"அதுக்கப்புறம் திருத்திட்டன்."

"திருத்துனதை மேல பறக்கவுட்டுப் பாத்தியா?"

"இல்ல."

"அப்ப அணை."

"சொல்றதையெல்லாம் கண்ணை மூடிக்கிட்டு நம்புற ஒண்ணை என்னால மேல அனுப்ப முடியாது கோகுல்."

கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். சந்தேகம் இருக்கட்டும். ஆனால் லேப்டாப்பில் ஒரு பட்டன் கோகுல் கையில். தப்பாகப் போகிறது என்று தெரிந்தால் அவன் அதை அணைத்துவிடலாம்.

மறுநாள் ஆயுத பூசை. மத்தியானமே கோகுல் குழாயில் மெல்ல ஊதி, லேப்டாப்பில் வேகம் காட்டுகிறதா என்று பார்த்து, பேப்பரில் சரி போட்டுவிட்டான். அப்புறம் இரண்டு பேரும் கருவேப்பிலங்குறிச்சிப் பக்கம் ஆற்று மணலைப் பார்த்துவரக் கிளம்பினார்கள். போகும்போது கயல் சொன்னாள்: "பூசையில இதையும் வைங்கக்கா. ஆனா அசையிற இடத்துல மட்டும் சந்தனம் வச்சுடாதீங்க, காஞ்சா சிக்கிக்கும்."

சௌந்தர்யாவிடம் ஒரு சொல் போதும். அச்சு, பலகை, சூளைக் கதவு, களிமண் கூழ் கலக்குகிற மெஷின் எல்லாவற்றுக்கும் கையாலேயே பொட்டு வைத்தவள், விமானத்துக்கு மட்டும் தன் கண் எழுதும் பிரஷ்ஷை எடுத்தாள். ஒவ்வொரு பட்டையையும் விரலால் தொட்டு, அசைகிறதா என்று பார்த்தாள். அசைந்தால் விட்டுவிட்டாள். அசையாத இடமாகத் தேடித் தேடிப் பொட்டு வைத்தாள். அப்படி வரும்போது அந்தக் குழாய் கண்ணில் பட்டது. பேனா ரீபில் தடிமன். நுனியில் கடுகளவு ஓட்டை. தொட்டுப் பார்த்தாள், அசையவில்லை.

பொம்மை முகத்தில் ஊசிமுனை ஓட்டை இருந்தால் எங்களுக்கு அது பழுது. அதை அடைத்துவிட்டுத்தான் கண் எழுத உட்காருவாள். பத்து வருஷப் பழக்கம், கை தானாகப் போய்விட்டது. குழாய் நுனியில் சந்தனத்தை ஒரு முத்துப்போல வைத்து, அதன் மேல் குங்குமத்தைத் தொட்டாள். மூக்குத்தி போட்ட மாதிரி இருந்தது. "அழகா இருக்குதுடி" என்று சொன்னவள் வேறு யாருமில்லை, நான்தான்.

ராத்திரிக்குள் குங்குமமும் முத்தும் உதிர்ந்துபோயின. ஓட்டைக்குள் போன சந்தனம் மட்டும் கல்லாகக் காய்ந்து உட்கார்ந்துகொண்டது.

விஜயதசமி காலையில் முதலாளி எங்களையெல்லாம் லோடு வண்டியில் ஏற்றி ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போனார். வெள்ளாற்றில் ஓர் ஓரமாகத்தான் தண்ணீர், மற்றதெல்லாம் மணல். ஆபீசிலிருந்து மூன்று பேர். பெரியவர் பழமலைநாதன், இன்ஜினியர், ரிட்டையர் ஆக ஒரு வருஷம் பாக்கி.

"ஏம்மா, பொம்மைப் பட்டறையிலேருந்து வந்த விமானம்னாங்க. கீழ வுழுந்தா ஒடையுமா?" என்று ஆரம்பித்தார்.

"பொம்மை ஒடைஞ்சா வேற செஞ்சுக்கலாம் சார். இது ஒண்ணுதான் இருக்குது."

"சரி சரி, சீக்கிரம் வுடும்மா. பதினோரு மணிக்கு ஸ்ரீமுஷ்ணத்துல இருக்கணும். எம் பேத்திக்கு இன்னிக்கு அரிசியில எழுத்து."

கயல் குனிந்து குழாயில் ஊதப்போனாள். "நேத்தே பாத்தாச்சு, பேப்பர்ல இருக்குது பாரு" என்றான் கோகுல். பெரியவர் வேறு கடிகாரத்தைப் பார்த்தார். அவள் நிமிர்ந்துவிட்டாள்.

கரை மேலிருந்து அர்ச்சுனன்தான் விமானத்தை வீசினான். தோள் பலம் உள்ளவன் வேண்டும் என்று அவனைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். 'விர்'ரென்று போனது. போன வேகத்தில் மூக்கைக் கவிழ்த்துக்கொண்டு மணலைப் பார்த்து இறங்கியது! ஒன்று, இரண்டு என்று எண்ணுகிற நேரம்தான். மணலுக்கு ஓர் ஆள் உயரத்தில் தானாக மூக்கை நிமிர்த்தி, இறக்கையைச் சமமாக்கி, ஒன்றுமே நடக்காதது மாதிரி மேலே ஏறத் தொடங்கியது. நாங்கள் கைதட்டினோம். கயல் தட்டவில்லை. அவள் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஒரு சிவப்பு வரி ஓடியது.

"சந்தேகம் வந்துடுச்சு" என்றாள். "குழாயை நம்பலை."

"நான் அன்னிக்கே சொன்னன்" என்றான் கோகுல். "பாரு, குழாய் எழுபது காட்டுது. எண்பது. வேகம் ஏறிக்கிட்டே போவுது கயலு! உன் பெட்டி அதைக் காதுல வாங்காம மோட்டாரை அப்படியே ஓட்டுது. இன்னும் ஏறுனா இறக்கை பிச்சுக்கும்."

"செயற்கைக்கோள் நாப்பத்தஞ்சுதான் காட்டுது."

"எதிர்க்காத்து இருந்தா அப்படித்தான் காட்டும். மேல காத்து எப்படி அடிக்குதுன்னு உனக்குத் தெரியுமா? தொண்ணூறு! நான் சந்தேகத்தை அணைக்கிறன். குழாய் சொல்றபடி மோட்டாரைக் குறைக்கட்டும்."

கயல் அந்தச் சிவப்பு வரியையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். யார் பொய் சொல்வது? குழாயா, பெட்டியா? இரண்டும் நடக்கக்கூடியதுதான். அவன் விரல் பட்டன் மேல் இருந்தது.

பழமலைநாதன் குறுக்கே வந்தார். "என்னம்மா குழாய் அது?"

"முன்னாடி நீட்டிக்கிட்டு இருக்குதே சார், சின்னக் குழாய். அதுக்குள்ள காத்துப் பூந்தாத்தான் வேகம் தெரியும்."

எனக்குப் பக்கத்தில் நின்ற சௌந்தர்யா என் கையைப் பிடித்தாள். எனக்கும் அப்போதுதான் புரிந்தது. சொன்னால் மூன்று வருஷ உழைப்பைப் பொட்டு வைத்துக் கெடுத்தவள் என்று ஊரே பேசும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. ஒரு கணம்தான் நின்றாள். அப்புறம் ஆபீசர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் ஓடினாள்.

"பாப்பா! அதை நான் அடைச்சுட்டன் பாப்பா!"

எல்லோரும் திரும்பினார்கள்.

"பூசையில... சந்தனம் வச்சன். ஓட்டையில. அது அசையல, அதனால வச்சன். உள்ள காத்து மாட்டிக்கிட்டு இருக்கும். பொம்மைக்கு அடியில ஓட்டை வுடாம சூளையில வச்சா உள்ள காத்து மாட்டிக்கிட்டு முட்டுமே, அந்த மாதிரி. நானே இப்படிச் செஞ்சுட்டனே!"

கயல் அவளையே பார்த்தாள். அந்தப் பெண்ணின் முகம் மாறினதை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். விடுகதைக்கு விடை கிடைத்த மாதிரி.

"உள்ள காத்து மாட்டிக்கிச்சு..." என்றாள். "கீழ அடைபட்ட காத்து. மேல போவப் போவ வெளிக்காத்து லேசாவும். உள்ள இருக்கிறது முட்டும். அந்த முட்டலைத்தான் வேகம்னு காட்டுது! வீசுனப்ப முட்டல் இல்ல, வேகமே இல்லன்னு நெனச்சுத்தான் மூக்கைக் கவுத்துச்சு. கோகுல், கையை எடு. பெட்டி சொல்றதுதான் நெசம்!"

கோகுல் கையை எடுத்து, இடுப்புக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். மேலே பார்த்தோம். வெள்ளை இறக்கை, நீல வானம். குழாய் நூற்றிருபது, நூற்று நாற்பது என்று பொய்யை அளந்துகொண்டே இருந்தது. பெட்டி அதைக் கேட்டும் கேட்காதது மாதிரி, பக்கக் காற்று தள்ளும்போதெல்லாம் ஓர் இறக்கையைக் கொஞ்சம் தாழ்த்தி, கொஞ்சம் உயர்த்தி, கரையோரமாகவே போய்க்கொண்டிருந்தது. இரண்டு வளைவு, ஒரு நீண்ட ஓட்டம், மறுபடி வளைவு. பதினொரு நிமிஷம். யார் கையும் படவில்லை.

இறங்கும்போதுதான் பயம். வேகம் தெரியாமல் எப்படி இறங்கும்? கயல் முழங்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள். சௌந்தர்யா கண்ணை மூடிக்கொண்டாள். அது மூக்கை லேசாகத் தூக்கி, மோட்டாரைத் தணித்து, ஒரு பலகையை இறக்கிவைக்கிற பதமாக மணலில் வயிற்றை வைத்து, பத்தடி சறுக்கி நின்றது.

"ஈரப் பொம்மையைக்கூட இப்படி இறக்க எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சுது" என்றான் அர்ச்சுனன். இந்தத் தடவை அவன் கேலி பேசவில்லை.

கயல் ஓடிப்போய் விமானத்தைத் தூக்கிவந்தாள். சௌந்தர்யாவின் ரவிக்கையில் குத்தியிருந்த ஊக்கை வாங்கி, குழாய் நுனியைக் கிளறினாள். மஞ்சளாக ஒரு துணுக்கு வெளியே விழுந்தது. கடுகில் பாதிகூட இல்லை.

"நான் அணைச்சிருந்தா?" என்றான் கோகுல்.

"ரொம்ப வேகமாப் போறம்னு நினைச்சு மோட்டாரை நிறுத்தியிருக்கும், மூக்கைத் தூக்கியிருக்கும், அப்புறம் கல்லு மாதிரி வுழுந்திருக்கும்" என்றாள் கயல். பிறகு சௌந்தர்யா பக்கம் திரும்பினாள். "அழாதீங்கக்கா. இன்னிக்கு ஊதிப் பாக்காம வுட்டது நான். நீங்க வாயைத் தொறக்கலைன்னா இது என் கண்ணு முன்னாடியே வுழுந்திருக்கும்."

பழமலைநாதன் அந்தத் துணுக்கை உள்ளங்கையில் வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "எல்லாம் சரியா இருக்கும்போது பறக்கிறதைக் காட்டத்தான் எல்லாரும் வருவாங்க" என்றார். "வெள்ளத்துல பறக்கிறதுன்னா மழைத்தண்ணி பூரும், பூச்சி பூரும், சேறு அடிக்கும். ஒரு கண்ணு அவிஞ்சாலும் வூடு வந்து சேர்றதுதாம்மா எனக்கு வேணும். ரெண்டுக்கு எழுதி அனுப்புறன்." சொல்லிவிட்டு ஸ்ரீமுஷ்ணத்துக்கு ஓடினார். மணி பத்தே முக்கால்.

கதை முடிந்தது என்று எழுந்திருக்காதீங்க, இன்னும் கொஞ்சம் இருக்குது.

அந்த வாரமே சௌந்தர்யா பட்டறையில் ஒரு சின்ன மூடி செய்தாள். குழாய் நுனியில் மாட்டுகிற மாதிரி, வெள்ளைப் பீங்கானில், விரல் நுனி அளவு. முதலில் செய்தது மாட்டவேயில்லை. சூளையில் மண் சுருங்குமே, அந்த அவசரத்தில் அதற்கு இடம் விட மறந்துபோனாள். இரண்டாவது கச்சிதமாக உட்கார்ந்தது. அதன் மேல் தன் பிரஷ்ஷால் இரண்டு கண் எழுதினாள். ஒரு முழம் சிவப்பு ரிப்பனும் கட்டினாள், மறந்துபோய் அப்படியே பறக்கவிட்டுவிடக் கூடாது என்று.

"இனிமே சந்தனம், குங்குமம் எல்லாம் இந்த மூடிக்குத்தான் பாப்பா" என்றாள். "தரையில நிக்கும்போது இது பாத்துக்கட்டும். மேல போவும்போது கழட்டிடு, அந்தப் பெட்டி பாத்துக்கும்."

கயல் தன் பேப்பரில் முதல் வரியாகவே எழுதிக்கொண்டாள்: 'கண்ணைக் கழற்று. ஊதிப் பார். பறக்கும் இடத்திலேயே, பறக்கும் நேரத்திலேயே.' அதற்குக் கீழே கோகுல் தன் கையெழுத்தைப் போட்டான். அடுத்து செய்த இரண்டு விமானத்துக்கும் மூடி இங்கிருந்துதான் போனது. நான்தான் வைக்கோல் சுற்றி அனுப்பினேன்.

அவ்வளவுதான் கண்ணுங்களா. மழை விட்டுவிட்டது, கிளம்புங்க. உங்க வூட்டில் யாராவது சாய ஆரம்பிக்கும்போதே தாங்கிப் பிடிக்கிற தோள் ஒன்று எப்போதும் இருக்கட்டும். தப்பு செய்தவர் ஓடிவந்து சொல்லலாம், கேட்கிறவர் கோபிக்காமல் கேட்கலாம் என்கிற தைரியம் உங்க வாசல்படிக்குள் இருக்கட்டும். வெளியே போன பிள்ளைகள் எந்தக் காற்றில் போயிருந்தாலும், அலுங்காமல் நலுங்காமல் வூடு வந்து இறங்கட்டும். நல்லா இருங்க.